கருப்பட்டிப் பெயர் போட்ட ஸ்டவுட் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், பியர் தயாரிப்பு நிறுவனம், புதுச்சேரி.

அனுப்புநர்: வாடிக்கையாளர், பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

ஐயா, வணக்கம்.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் கடையில் 'நெல்லைச் சீமைக் கருப்பட்டி ஓட்ஸ் ஸ்டவுட்' என்ற கருப்பு பியர் ஒரு கிளாஸ் வாங்கினேன். விலை 420 ரூபாய். பில்லை இத்துடன் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் குடிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். தாத்தா பனையேறி. ஆச்சி பதனீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுத்தவள். பிறகு வேலைக்காகச் சில வருடம் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருந்தேன். பக்கத்து ஊர் டாட்காஸ்டர். வழக்கொழிந்து போயிருந்த ஓட்ஸ் ஸ்டவுட்டை 1980-இல் மறுபடி காய்ச்சத் தொடங்கிய சாமுவேல் ஸ்மித் ஆலை அங்கேதான் இருக்கிறது. அந்த ஸ்டவுட்டைப் பல தடவை குடித்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் விலை அட்டையில் கருப்பட்டி, ஓட்ஸ் ஸ்டவுட் என்ற இரண்டு பெயரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவ்வளவு ஆசையாகக் கேட்டு வாங்கினேன்.

கிளாஸ் ஃப்ரீசரிலிருந்து வந்தது, வெளியே வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. ஸ்டவுட்டை 10 முதல் 13 டிகிரி வரை வைத்துக் கொடுத்தால்தான் வாசனை எழும். இதுவோ பல் கூசுகிற குளிர். சரி, குளிர் விடட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். நுரை அதற்குள் அடங்கி, விளிம்பில் ஒரு கோடாகத்தான் நின்றது. குளிர் விட்டதும் முதலில் வந்தது வெண்ணெய் வாசனை, பின்னாலேயே புளித்த மோர். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பீப்பாயிலிருந்து வரும் குழாயில் கிருமி தங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்தக் குழாயைக் கழுவ வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. பரிமாறிய தம்பியிடம் சொன்னேன். "ஸ்டவுட்னா புளிப்பாத்தான் சார் இருக்கும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுக்காதது உங்கள் தவறு.

அடுத்தது ஓட்ஸ். ஓட்ஸ் சேர்ப்பதே அந்த வழவழப்புக்காகத்தான். சூடான வடிகஞ்சி நாக்கில் படர்ந்து இறங்குமே, அப்படி இருக்க வேண்டும். உங்களுடையது கருப்புத் தண்ணீர் மாதிரி இறங்கியது. கடைசியில் தொண்டையில் நின்றது காப்பிக் கசப்புகூட இல்லை, அடுப்புச் சாம்பல் ருசி. வறுத்த பார்லியை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கருப்பட்டிதான் என்னை அதிகம் வருத்தியது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குகிற பாளைச்சாறு சாயங்காலத்துக்குள் கள்ளாகிவிடும், இனிப்பைத் தேட வேண்டியிருக்கும். பியர் தொட்டியிலும் அதே கதைதான். கருப்பட்டியின் இனிப்பை, நொதிக்க வைக்கும் ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுசாகத் தின்றுவிடும், அப்புறம் பியர் மெலிந்துதான் போகும். மிஞ்சக்கூடியது வாசனை மட்டுமே: ஓலை நெருப்பின் புகை, லேசான உப்பு, மண் மணம். அந்த மெலிவை ஓட்ஸ் தாங்கிக்கொள்ளும்படி கணக்குப் போட்டிருந்தால் அருமையான கூட்டாக வந்திருக்கும். ஆனால் உங்கள் கிளாஸில் அந்த மணம் துளியும் இல்லை. கருகிய சீனிப்பாகு மணம்தான் இருந்தது.

சீனி கலந்த கருப்பட்டியை யாரோ உங்கள் தலையில் கட்டியிருக்கலாம். அப்படியானால் ஏமாந்தது நீங்களும்தான். ஆனாலும் அட்டையில் எங்கள் சீமைப் பெயரைப் போட்டு விற்றவர்கள் நீங்கள். பனையேறுகிறவர்கள் குறைந்துகொண்டே வரும் காலம் இது. காலையிலும் மாலையிலும் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிற ஒருவரின் பொருளுக்கு இப்படி ஒரு ருசியை அடையாளமாக்கிக் காட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

420 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். குழாயைக் கழுவிய தேதியையும், கருப்பட்டியை எந்த ஊரில் வாங்கினீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். அதைக் காட்ட முடியாவிட்டால் 'நெல்லைச் சீமை' என்ற சொல்லை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

இந்தக் கடிதத்தோடு எங்கள் வீட்டுக் கருப்பட்டியில் அரை வட்டு பொதிந்து வைத்திருக்கிறேன். காய்ச்சுகிறவர் கையில் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். உடைந்த இடத்தில் பளபளப்பு இருக்காது. ஒரு சில்லை வாயில் போட்டு, மெல்லாமல் கரைய விடச் சொல்லுங்கள். புகையும் உப்பும் கடைசியில்தான் வரும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்