செயலாளர் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம். தொட்டிகளில் அரிய சதைப்பற்றுச் செடிகளை வளர்க்கும் நம் மதுரைச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. பொங்கலையொட்டிச் செடிப் பரிமாற்றம் நடந்தது. அடினியம் ஒட்டுக்கட்டும் பயிற்சிக்கு நல்ல வரவேற்பு இருந்தது.

கள்ளிமுளையான் தொட்டிகளுக்கென அமைத்த மேடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. தென்னாப்பிரிக்காவின் லித்தாப்ஸையும் ஹவோர்த்தியாவையும் விலை கொடுத்து வாங்கிப் போற்றும் நாம், நம் கரடுகளில் முட்புதர்களின் அடியில் தானே வளரும் கள்ளிமுளையானைத் தொட்டிக்கு உரியதாக எண்ணாதது முறையன்று என்பதைச் சென்ற பொதுக்குழுவிலேயே கூறியிருந்தேன். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் பட்டை பட்டையான தண்டைக் கிராமத்தார் துவையலுக்குப் பறிப்பார்கள். பூத்தால்தான் அதன் அழகு தெரியும். மதுரையை அடுத்த அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பின்னரும் நம் மாவட்டத்துச் செடிகளை நாம் அறியாதிருக்கலாகாது. ஆயினும் எந்தக் கரட்டிலிருந்தும் ஒரு செடியையும் பெயர்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். உறுப்பினர் ஒருவரின் தோட்ட வேலியோரச் செடிகளிலிருந்து தண்டுகளை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, பின்னரே நட்டோம்.

கள்ளி என்றால் முழு வெயில் வேண்டும் என்று வாதிட்ட சிலர் மொட்டைமாடியில் வைத்த தண்டுகள் சிவந்து சுருங்கின. நிழல்வலைக்குள் வைத்தவை செழித்தன. புதரடியில் வாழும் செடிக்கு அதுவே இயல்பு.

மேடைக்குக் கூரை வேய்ந்த செலவு குறித்துச் செயற்குழுவில் கேள்வி எழுந்தது. இவ்வகைச் செடிகள் காற்றை உள்வாங்கும் நுண்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறப்பதால் மிகக் குறைவாகவே நீரை வெளியேற்றுகின்றன. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தொட்டி மண் எளிதில் காயாமல் வேர் அழுகிவிடும். தென்னை நார்த்தூளைத் தவிர்த்து, செம்மண்ணுடன் பருமணலும் செங்கல் சல்லியும் கலந்து மண்தொட்டிகளில் நட்டாலும், அடைமழைக்குக் கூரையின்றிப் பயனில்லை. அச்செலவு தேவையானதே என்று இன்றும் கருதுகிறேன்.

அந்த மழைக்காலத்தில்தான் பராமரிப்புப் பட்டியலில் பெயர் தந்த பலர் ஒரு நாளும் வரவில்லை. மாவுப்பூச்சி கண்ட தொட்டிகளைப் பிரித்து வைக்கவும் ஆளில்லை. சந்தா நிலுவை வைத்திருப்போரில் சிலர் செடிப் பரிமாற்றத்திற்குத் தவறாமல் வந்து நல்ல கன்றுகளைத் தேர்ந்து எடுத்துச் சென்றதை, ஒழுங்காகச் சந்தா செலுத்துவோரின் சார்பில் வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வைப்பார். கூரைச் செலவின் ஒரு பகுதியை நன்கொடை ஈடுசெய்தது. மற்றபடி செலவு வரவுக்குள்ளேயே அமைந்தது. தலைவர், பொருளாளர், கூட்டத்திற்கு இடமளித்தவர்கள், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கொடிக்கள்ளியையும் மேடையில் சேர்க்க எண்ணம். வேரூன்றிய கள்ளிமுளையான் கன்றுகள் ஆடியில் வழங்கப்படும்போது, நிலுவையைச் செலுத்திப் பராமரிப்பிலும் பங்கேற்போருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று முன்மொழிகிறேன். செயலாளர் பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் மகிழ்வுடன் ஒப்படைப்பேன். மழைக்காலம் முழுவதும் மேடையைக் கவனித்துக்கொள்ள அவர் இசைய வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்