ஊதா ஒயர்

ஹைடல்பெர்க் பக்கம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி தீரப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். இங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

"உட்கார்ந்த இடத்துலயே மோட்டாரெல்லாம் ஓட்டறியாமா, எப்படி கண்ணு?" என்று போனில் கேட்டீர்கள். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து நெக்கர் ஆற்றில் விடும் நிலையம் இது. நம் மில்லில் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனி கண்ட்ரோல் கேபிள் கட்டுக்கட்டாகப் போகுமே, இங்கே அது இல்லை. ஊதா நிறத்தில் ஒரே கேபிள், உள்ளே பச்சையும் சிவப்புமாக இரண்டே கம்பி. அது ஒரு மிஷினைத் தொட்டு அடுத்ததற்குப் போகிறது. புரொஃபிபஸ் என்று பெயர், 1987-இல் இந்த ஜெர்மனியில்தான் தொடங்கியது. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர். பி.எல்.சி. என்று மிஷின்களை ஓட்டும் கண்ட்ரோல் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு, அது வாத்தியார் மாதிரி நம்பர் சொல்லிக் கூப்பிடும். ஓடுகிறேனா, எத்தனை ஆம்பியர், சூடு எவ்வளவு என்று மிஷின் பதில் சொல்லும். ஒரு சுற்று முடியக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

நவம்பரில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். ஒரு பம்பின் பிளக்கை மாற்றினேன். அந்தப் பிளக்கில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. லைனின் இரண்டு கோடியிலும் அது ஆனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிணற்றில் கத்தினால் குரல் திரும்புகிற மாதிரி சிக்னல் திரும்பி வந்து குழப்பும். நடுவில் இருக்கும் பிளக்கில் ஆனில் வைத்தால், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் அறுந்துபோகும். நான் நடுவில் ஆனில் விட்டுவிட்டேன்.

கதவைச் சாத்தும்போதே கண்ட்ரோல் ரூமிலிருந்து போன். பின்னால் நான்கு பம்பும் காணோம். கூப்பிடும் குரல் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் தானாக நின்றுவிடும்படிதான் அவற்றை வைத்திருக்கிறோம். வெளியே நல்ல மழை, தொட்டியில் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரில் யார் என்ன தட்டியும் பயனில்லை. நீங்கள் சொல்வீர்களே, முதலில் மோட்டாரை ஓட்டு, அப்புறம் காரணத்தைத் தேடு என்று. பேனலுக்கு ஓடி இரண்டு பம்பை மேனுவலில் போட்டேன். மட்டம் நின்றது. சப்ளை, பிரேக்கர் எல்லாம் பார்த்து, கடைசியில்தான் அந்தச் சுவிட்சுக்கு வந்தேன். தள்ளியதும் நான்கும் திரும்ப வந்தன. இப்போது கதவைச் சாத்தும் முன் அதை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறேன்.

தோட்டத்துப் போர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டப்போவதாகச் சொன்னீர்கள். கண்டிப்பாக மாட்டுங்கள், ராத்திரி த்ரீ பேஸ் வரும்போது பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டாம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிறுத்துகிற வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்ற விடாதீர்கள். முக்கியமாக, மோட்டார்ப் பக்கம் கை வைக்கும் முன் மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். வீட்டில் இருந்து தம்பி போனை அழுத்தினால், நீங்கள் அங்கே குனிந்திருப்பது அவனுக்குத் தெரியாது.

பூட்டு மாட்டியதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்