திரைவாசிப்பானுக்கு வழிவிடாத பயிற்சிச் செயலி குறித்த புகார்

அனுப்புநர்
ஆண்டுச் சந்தாதாரர் (சந்தா எண் மின்னஞ்சலின் தலைப்பில் உள்ளது),
மதுரை.

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
போட்டித்தேர்வுப் பயிற்சிச் செயலி நிறுவனம்,
சென்னை.

பொருள்: செயலியின் புதிய பதிப்பைப் பார்வை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த இயலாமை – சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் முற்றிலும் பார்வையற்றவன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்காகத் தங்கள் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் படித்துவருகிறேன். கைப்பேசியில் டாக்பேக், மடிக்கணினியில் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான்கள் வாசிக்கக் கேட்டே பாடம் படிப்பதும் மாதிரித் தேர்வு எழுதுவதும் வழக்கம். நான் சந்தா கட்டியபோது இருந்த பதிப்பில் பெரிய இடையூறு எதுவும் இருக்கவில்லை. முகப்பை மாற்றியமைத்து நீங்கள் வெளியிட்ட புதிய பதிப்புதான் என்னை வெளியே நிறுத்தியது. ஆகவே ‘தொழில்நுட்பத்தில் இதற்கு இடமில்லை’ என்று தங்கள் ஊழியர் தந்த விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

மாதிரித் தேர்வில் அடுத்த வினாவுக்குச் செல்வதற்கும், விடையை அழிப்பதற்கும், தேர்வை முடித்துச் சமர்ப்பிப்பதற்கும் உரிய பொத்தான்கள் இப்போது வெறும் குறியீடுகளாக உள்ளன. நிரலில் அவற்றுக்குப் பெயர் எழுதப்படாததால் மூன்றையுமே டாக்பேக் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்றுதான் சொல்கிறது. அடுத்த வினா என்று எண்ணி அழுத்தியது சமர்ப்பிக்கும் பொத்தானாகிப் பாதியிலேயே தேர்வு முடிந்துபோனதுண்டு. ‘பொருத்துக’ வகை வினாக்களில் அட்டவணை முழுவதும் படமாக ஒட்டப்பட்டிருப்பதால், ‘படம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு ‘2, 4, 1, 3’ என்பது போன்ற விடை வரிசைகள் மட்டும் தெளிவாகக் காதில் விழுகின்றன. எதை எதனோடு பொருத்துவது? 200 வினாக்களுக்கு 3 மணி நேரம் என்று ஓடும் கடிகாரத்தையும் மாற்ற வழியில்லை. விடையைச் சொல்லக் கேட்டு எழுதித் தரும் உதவி எழுத்தரின் துணையுடன் தேர்வு எழுதுவோருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் கூறியிருக்க, பயிற்சிக்கென்றே இருக்கும் செயலியில் அந்த வசதி இல்லை.

இவற்றைவிட எனக்கு வருத்தமளிப்பது பொதுத்தமிழ்ப் பகுதிக்கான பிடிஎஃப் குறிப்புகள். பார்ப்பவர் கண்ணுக்கு அவை நல்ல தமிழாகத் தெரியக்கூடும். ஆனால் அவை ஆங்கில எழுத்துகளின் மீது தமிழ் வடிவத்தைப் போர்த்தும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதால், ‘தமிழ்’ என்று இருக்கும் இடத்தில் எனக்குக் கேட்பது ‘ஜே, கே, பி, ஓ’. ஒரு பக்க இலக்கணக் குறிப்பு முழுவதும் இப்படியே ஒலிப்பதை அதைத் தயாரித்த ஆசிரியர் ஒருமுறை கேட்டாலே போதும், நான் மேலும் விளக்க வேண்டியிருக்காது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்கு உணர்த்தும் யூனிகோடு குறியீட்டு முறையைத் தமிழ்நாடு அரசே 2010இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூலக் கோப்பு தங்களிடம் இருக்கும்போது, மாற்றியபின் பிழை திருத்தும் உழைப்பு மட்டுமே மிச்சம்.

இவற்றையெல்லாம் தெரிவித்தபோது, வீட்டில் உள்ளவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று தங்கள் உதவி மையத்தில் கூறினார்கள். மேலும் வற்புறுத்தியதும், எஞ்சிய மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். தங்கள் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறையில்லை. ஆனால் பணம் திரும்பி வந்தால் எனக்குப் பாடம் எங்கிருந்து வரும்? அரசுப் பணிகளில் எங்களுக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடத்துக்கும் மற்றவர்களைப் போலவே தேர்வு எழுதி மதிப்பெண் பெற்றாக வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 46ஆம் பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றும் கடமையை அரசுக்கு மட்டுமன்றித் தனியார் சேவை நிறுவனங்களுக்கும் விதிக்கிறது. செயலிகளும் இணையதளங்களும் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துள்ளது.

எனவே, பொத்தான்களுக்குப் பெயரிடும் வேலையை அடுத்த புதுப்பிப்பிலேயே முடித்துத் தருமாறும், அதுவரை பழைய பதிப்பை எங்களுக்குத் திறந்துவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். படமாக உள்ள வினாக்களை எழுத்தாக மாற்றுவதற்கும், குறிப்புகளை யூனிகோடில் தருவதற்கும், கூடுதல் நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதிக்கும் காலவரையறை குறித்து எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடும் முன் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரிடம் ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் செய்தால் இத்தகைய கடிதங்களுக்கே தேவை இருக்காது. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

பதிலைத் தயவுசெய்து மின்னஞ்சலில் எழுத்தாகவே அனுப்புங்கள். கையொப்பமிட்டு ஸ்கேன் செய்த கடிதத்தைப் படமாக அனுப்பினால், அதையும் என்னால் வாசிக்க இயலாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்தாதாரர்.