சீசரும் உன் கேள்வியும்

கொக்குவில்,
வைகாசி

அன்பின் யோகா,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. வளவில் கறுத்தக் கொழும்பான் இந்த முறை கொப்பு முறிகிற மாதிரிக் காய்த்திருக்கிறது. பிடுங்கி, வைக்கோலில் பழுக்க வைத்து, சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பவே நாட்கள் ஓடிவிட்டன. நீ இருந்திருந்தால் கிணற்றுக்கட்டில் இருந்து முழங்கை வரை சாறு வழியச் சூப்பியிருப்போம்.

மகன் கிரேட் டேன் என்ற பெரிய இனத்து நாய்க்குட்டி ஒன்றுக்கு முற்பணம் கட்டப் போகிறான், பேரப்பிள்ளைகள் துள்ளுகிறார்கள், உனக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருந்தாய். ஏழு வருடமாக ஒன்றை வளர்க்கிறவள் நீ, உண்மையைச் சொல்லு என்றும் கேட்டிருந்தாய். இரவில் இதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன், அதனால் கடிதம் கொஞ்சம் நீளும்.

கடிக்குமோ என்ற பயத்தை முதலில் விடு. என்னுடைய டேன் சீசர் தோளளவில் 82 சென்ரிமீற்றர், நிறை 62 கிலோ. படலையில் நின்று ஒருமுறை குரைத்தால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அடுத்த வீட்டுக் கோழிக்குஞ்சு அவனுடைய சோற்றுச் சட்டியில் ஏறி நின்று கொத்தினால், விலகி நின்று அது போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பான். நான் குசினியில் தேங்காய் துருவும்போது வந்து என் இடுப்பில் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு நிற்பான். இந்த இனத்துக்கே உள்ள பழக்கம் அது, அன்பு வந்தால் சாய்வது. உன் முழங்கால் சத்திரசிகிச்சையை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடியால் அல்ல, சாய்ந்தும் வாலால் அடித்துமே அவன் உன்னை விழுத்திவிடக்கூடும். வால் சவுக்கு மாதிரி. சந்தோசத்தில் சுவரில் அடித்து நுனி வெடித்து, விறாந்தை முழுக்க இரத்தம் தெறித்த நாளும் உண்டு. ஆட்கள்மேல் பாயாமல் இருக்கவும் கயிறு இழுக்காமல் பக்கத்தில் நடக்கவும் குட்டியிலேயே பழக்கிவிட வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் உன் மருமகளாலும் பிடித்து நிறுத்த முடியாது.

பெயரைக் கேட்டு டென்மார்க் நாய் என்று நினைத்திருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 18ஆம் நூற்றாண்டில் புஃபோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 'பெரிய டேனிஷ் நாய்' என்று எழுதியது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் இது ஜெர்மன்காரர் உருவாக்கிய இனம். பாரமான மாஸ்ரிஃப் நாயையும் வேகமான வேட்டை நாய்களையும் கலந்து, காட்டுப்பன்றி பிடிப்பதற்காக வளர்த்திருக்கிறார்கள். வன்னியில் பன்றி வயலில் இறங்கிய கதைகளை அப்பா சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் பாய்க்குள் ஒடுங்கிக் கிடப்போமே, அந்தப் பன்றியை ஓடிப் பிடித்து, வேட்டைக்காரன் ஈட்டியோடு வரும்வரை விடாமல் நிற்கிற வேலை இவர்களுடைய முன்னோருக்கு. பன்றியின் கொம்பு காதைக் கிழித்துவிடும் என்றுதான் அந்தக் காலத்தில் காதை வெட்டினார்கள். வேட்டை போன பிறகும் அழகுக்காக வெட்டும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. ஜெர்மனியிலும் பிரித்தானியாவிலும் இப்போது அது சட்டவிரோதம். குட்டி விற்கிறவர் காது வெட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லச் சொல். தொங்குகிற காதுதான் அந்த முகத்துக்கு வடிவு.

பிரபுக்களின் படுக்கை அறைவாசலிலும் இவைகளைக் காவலுக்குப் படுக்க வைத்திருக்கிறார்கள். அறை நாய் என்றே அவற்றுக்குப் பெயர். 1878இல் ஜெர்மன் நாய் வளர்ப்பாளர்கள் பெர்லினில் கூடி, இனி இதற்கு 'ஜெர்மன் டொகே' என்றுதான் பெயர் என்று முடிவெடுத்தார்கள். ஜெர்மனியில் அந்தப் பெயர் நிலைத்தது. ஆங்கிலத்தில் டேன் டேனாகவே இருந்துவிட்டது.

சரி, என்னுடைய பிழைக்கு வருகிறேன். குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒரு வருடத்தில் அதைப்போல நூறு மடங்கு. நீயும் நானும் பெற்று வளர்த்தவர்கள், இந்த வேகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். கொழும்பில் இருந்து தம்பி மூன்று மாதக் குட்டியாகக் கொண்டுவந்து விட்டபோது, இவ்வளவு பெரிய எலும்பு வளர வேண்டுமே என்று பாலும் முட்டையும் கல்சியம் பாணியும் கொடுத்துத் தள்ளினேன். ஊரில் வந்தவர் எல்லாம் "இன்னும் போடு, சிங்கம் மாதிரி வரும்" என்றார்கள். ஐந்தாம் மாதத்தில் முன்னங்கால் மூட்டு வீங்கி நொண்டத் தொடங்கினான். மிருக வைத்தியர் பாணிப் போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைத்தான் முதலில் நிற்பாட்டுங்கள்" என்றார். பெரிய இனத்துக் குட்டிக்குக் கல்சியம் கூடினால் எலும்பு கோணும். சாப்பாடு கூடினால், எலும்பு இறுகும் முன்னமே உடம்பு பாரமாகிவிடும். அவை மெதுவாக வளர வேண்டும், விலா எலும்பு கையில் இலேசாகத் தட்டுப்பட வேண்டும் என்று சொல்லித் தந்தார். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தீன் இருக்கிறது, உங்கள் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். ஒன்றரை வயது வரை படி ஏறி இறங்கவும், உயரத்தில் இருந்து குதிக்கவும், நெடுந்தூரம் ஓடவும் விடக்கூடாது. பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு இதை இரண்டு தரம் சொல்லிவிடு.

அடுத்தது வயிறு. மகன் தன் கையால் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டி வைக்க வேண்டிய விசயம் இது. இந்த இனத்தின் ஒடுங்கிய ஆழமான நெஞ்சுக்கூட்டில் இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே முறுகிவிடும். முறுகினால் இரத்த ஓட்டம் நின்று, சில மணித்தியாலத்தில் உயிர் போய்விடும். மற்ற எந்த நாய்க்கும் இல்லாத அளவுக்கு இந்த ஆபத்து டேனுக்கு உண்டு. சீசருக்கு மூன்று வயதில், பக்கத்து வீட்டு அந்தியேட்டிச் சாப்பாட்டில் மிஞ்சிய சோற்றைப் பிள்ளைகள் வாளியோடு வைத்துவிட்டார்கள். இரவு பத்து மணிக்கு அவன் படுப்பதும் எழும்புவதுமாக இருந்தான். ஓங்காளிக்கிறான், ஒன்றும் வரவில்லை. வாயால் நுரை. வயிற்றைத் தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம். ஒரு பட்டா வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். வைத்தியர் வாயால் குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றினார். முறுகவில்லை, ஊதியதோடு நின்றிருந்தது. அந்தக் குழாயால் காற்று வந்த சத்தத்தை இன்றைக்கும் மறக்கவில்லை, கோவில் மணிக்குக் கும்பிடுகிற மாதிரி அந்தச் சத்தத்துக்குக் கைகூப்பினேன். அன்றிலிருந்து சாப்பாட்டை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறேன். சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும்வரை ஓட்டமும் இல்லை, விளையாட்டும் இல்லை. இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகும் ஊதலாம், முறுகுவது மிக அரிது. குட்டிக்கு நலமடிக்கிற அன்றைக்கே செய்துவிடலாம். கனடாவில் வசதி இருக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

2022இல் சாமான் தட்டுப்பாடு வந்து தீன் விலை கைக்கு எட்டாமல் போனபோது, வைத்தியரைக் கேட்டு வீட்டிலேயே சமைத்தேன். சோறு, அவித்த சூடை மீன், பூசணி, கொஞ்சம் முருங்கையிலை. ஒரு பானை அவனுக்கே. நாங்கள் வெங்காயத்தை அள்ளிப் போட்டுச் சமைக்கிற ஊர், ஆனால் நாய்க்கு வெங்காயம் ஆகாது, சிவப்பணுக்களை உடைத்துவிடும். குழம்புச் சோறு போடுகிற நம்முடைய பழக்கத்தை அங்கேயும் கொண்டுவராதே.

இங்கே வெக்கை, அங்கே குளிர். இவர்களுக்கு மயிர் குட்டை, இரண்டும் தாங்காது. இந்த மாதம் விடிய ஐந்தரைக்கு முதல் நடத்திக்கொண்டு வந்துவிடுவேன். பகலில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த சாக்கில் படுத்திருப்பான். உங்கள் தை மாதத்தில் அதற்கு ஒரு தடித்த மேற்சட்டை வேண்டும். வெறுந்தரையில் படுக்க விட்டால் முழங்கையில் காய்ப்பு வரும், மெத்தை போடுங்கள். வெளியே கூடு கட்டி விடுகிற யோசனை இருந்தால் வாங்கவே வேண்டாம். முதலில் நானும் ஊர் வழக்கப்படி முற்றத்தில் சங்கிலி போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் சங்கிலியை வேலியில் தொங்கவிட்டேன், இன்னும் அதிலேதான் துருப்பிடிக்கிறது.

ஒரு நாயின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். தென்னாபிரிக்காவில் சைமன்ஸ் ரவுன் துறைமுகத்தில் ஜஸ்ற் நியூசன்ஸ் என்று ஒரு டேன். கடற்படைப் பெடியன்களோடு ரயிலில் ஏறிப் போகுமாம். சீட்டு இல்லை என்று ரயில்வேக்காரர் கொல்லப் போவதாக வெருட்ட, 1939 ஆவணியில் பிரித்தானியக் கடற்படையே அதைத் தன் ஆளாகப் பதிந்து கொண்டது. கடற்படையாளுக்கு ரயில் இலவசம்! அதன் தொழில் என்ற இடத்தில் 'எலும்பு உடைப்பவர்' என்று எழுதியிருக்கிறார்கள். வாகன விபத்துக்குப் பிறகு கால் வழங்காமல் போய், 1944 சித்திரை முதலாம் திகதி, சரியாக ஏழு வயதில், ஊசி போட்டு உறங்க வைத்தார்கள். கடற்படை மரியாதையோடு அடக்கம் நடந்தது.

சீசருக்கும் இந்த வருடம் ஏழு. எட்டு, பத்துதான் இவர்களுடைய ஆயுள், இருதயமும் எலும்பும் முதலில் களைக்கும். வாய் ஓரம் நரைத்துவிட்டது. பின்னங்கால் படியில் தயங்குகிறது. விறாந்தைப் படிக்கு மரப்பலகை சாய்த்து வைத்திருக்கிறேன், அதில் பழைய சாக்கை ஆணி அடித்தால் வழுக்காது. யோகா, உன் மூத்த பேரன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னமே இந்தக் குட்டி கிழவனாகிவிடும். இதை அந்தப் பிள்ளைக்கு இப்போதே சொல்லி வாங்குங்கள், மறைத்து வாங்காதீர்கள். சொன்ன பிறகும் வேண்டும் என்றால், நான் முழு மனதோடு வாங்கு என்பேன். எனக்கு இந்த ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட வீடு வெறிச்சென்று இருந்ததில்லை, அவர் போன பிறகும்.

மகன் வீட்டு முன்வாசலில் எத்தனை படி, பின்வளவுக்கு இறங்க எத்தனை படி என்று எண்ணி எழுது. பலகைக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
புனிதம்