அம்மாவின் நினைவு நாளும் களியக்காவிளை பஸ்ஸும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் பத்திரிகை வந்ததும் நான் முதலில் திறப்பது நினைவஞ்சலிப் பக்கத்தைத்தான். "கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு" என்று போட்டிருக்கும் ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வாசித்துவிட்டுத்தான் தலைப்புச் செய்திக்குப் போவேன். 2020 ஏப்ரலில் என் அம்மாவின் படமும் அந்தப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். கால் பக்கம், கலரில் என்று பேசி வைத்திருந்தோம். அது வராமல் போனதையும், அந்தப் பணம் எங்கே போனது என்பதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம். முடிவில் உங்களிடம் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது.

நான் குழித்துறைப் பக்கம் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மா 31 வருடம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் விளவங்கோடு பக்கத்தில் முந்திரிப் பருப்பு ஆலையை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். முந்திரித் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவேண்டுமே என்று சனிக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து சாம்பலைப் போட்டு விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். எவ்வளவு தேய்த்தாலும் கறை முழுதாகப் போகாது. காணிக்கைப் பை வரும்போது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போடுவாள்.

2018-ல் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, திருவனந்தபுரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி.யில் கதிர்வீச்சு 25 நாள். கதிர் விழவேண்டிய இடத்தைக் காட்ட நெஞ்சில் மையால் கோடு போட்டு விடுவார்கள். கோடு அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஆயுசெல்லாம் கையைத் தேய்த்துக் கழுவியவள், அந்த ஐந்து வாரமும் அந்தக் கோட்டைக் கண்ணைப்போலக் காத்தாள். குளிக்கும்போது ஈரத்துணியால் கழுத்தோடு நிறுத்திக்கொள்வாள். நான் தைத்துக் கொடுத்த வெள்ளை வாயில் துணி ரவிக்கையில் அந்த மை ஒட்டியது. அந்த ரவிக்கை இன்றைக்கும் என் பீரோவில் இருக்கிறது. துவைக்கவில்லை.

தினமும் விடியற்காலம் 5 மணிக்கு வீட்டை விட்டு இறங்குவோம். ஊர் பஸ்ஸில் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை, அங்கிருந்து கேரள பஸ்ஸில் திருவனந்தபுரம் தம்பானூர், பிறகு மெடிக்கல் காலேஜுக்கு இன்னொரு பஸ். தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டுபோவோம். அம்மாவின் முறை வரும்வரை வெளியே காத்திருக்கும்போதுதான் மற்றவர்களைப் பார்த்தோம். நோயாளிக்கு ஒரு சாயா, ஒரு வடை வாங்கிக் கொடுத்துவிட்டு, துணைக்கு வந்தவர் பசியில்லை என்று சுவரோரம் போய் நிற்பார். குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத் துணையாக அவள் மாமியார் வருவார்கள். மூன்றாம் நாள் அம்மா தன் கஞ்சியில் பாதியை அந்த மாமியாருக்கு ஊற்றிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்: "மக்களே, மருந்துக்கு எழுதிப்போட்டா எங்கயாவது சகாயம் கிட்டும். பஸ்ஸு கூலிக்கு ஆரு தருவா?"

எல்லை மக்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். எங்களுக்கு நாகர்கோவிலைப் போலவே திருவனந்தபுரமும் பக்கம்தான். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் கால் மேற்கே திரும்பிவிடுகிறது. ரேஷன் கார்டு தமிழ்நாட்டுக் கார்டு என்பதால் கேரள அரசின் காருண்யா சிகிச்சை உதவி எங்களுக்கு இல்லை. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது, பெரிய காரியம். அந்த இலவசம் களியக்காவிளையோடு முடிந்துபோகிறது. அதற்கு அப்புறம் டிக்கெட் எடுத்துத்தான் ஆகவேண்டும்.

அம்மா 2019 ஏப்ரலில் கர்த்தரண்டை போனாள். ஓராண்டு நினைவுக்கு அண்ணனும் அக்காளும் நானுமாகச் சேர்ந்து 85,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தோம். ஆராதனை, 200 பேருக்குச் சாப்பாடு, சந்தியில் ஃபிளக்ஸ், உங்கள் பத்திரிகையில் விளம்பரம். 2020 மார்ச் 24-ம் தேதி ராத்திரி பிரதமர் ஊரடங்கை அறிவித்தார். கோவில் (எங்கள் சர்ச்சை அப்படித்தான் சொல்வோம்) பூட்டியாயிற்று, ஆள் கூட முடியாது. பஸ்ஸும் இல்லை, எல்லையும் அடைத்தாயிற்று.

எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் ஒரு அக்காள். அவர்கள் இந்துக்கள், அவள் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். அவளுக்குக் கதிர்வீச்சு பாதியில் நின்றுபோனது. பாஸ் கிடைத்தாலும் கார் பிடித்துத்தான் போகவேண்டும். அம்மா நினைவுக்கு வைத்த பணம் கையில் சும்மா இருந்தது. நாங்கள் கூடிப் பேசக்கூட இல்லை. அண்ணன் சவுதியிலிருந்து போனில் "எடுத்துக் கொடு" என்றான். போய்வர 2,800 ரூபாய், 12 நாள், 33,600 ரூபாய். அந்த அக்காள் இன்றைக்கும் இருக்கிறாள். போன வாரம்கூட என்னிடம் பாவாடைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனாள்.

மீதி 51,400 ரூபாயை என்ன செய்வது என்று ஆயரிடம் கேட்டோம். அவர் சபைக் கமிட்டியில் வைத்தார். அப்படித்தான் எங்கள் சபையில் பயணச் செலவுக்கென்று ஒரு நிதி தொடங்கியது. புதிதாக எதையும் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு, நிறைந்ததும் கோவிலுக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் லண்டன் மிஷன் காலத்திலிருந்தே எங்கள் பெண்களிடம் உண்டு. 1838-ல் நெய்யூரில் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரியைச் சொல்லாமல் இந்த மண்ணில் தர்மத்தைப் பற்றிப் பேச முடியாது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல் அதன்பின் நெய்யூருக்கு வந்து பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டு இங்கேயே வேலைக்கு வந்தார். அவர் கையால் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள்.

நிதி தொடங்கியபோது சண்டையும் வந்தது, மறைக்கவில்லை. கமிட்டியில் ஒரு பெரியவர், ஒரு லட்சம் சேர்ந்ததும் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு வட்டியை மட்டும் செலவழிக்கலாம், அப்போதுதான் அம்மா பெயர் என்றைக்கும் நிலைக்கும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் கணக்கைச் சொன்னேன். 6 சதவீத வட்டிக்கு ஒரு லட்சம் வருடத்துக்கு 6,000 ரூபாய் தரும். நோயாளிக்கும் துணைக்குமாகப் போய்வர பஸ்ஸுக்கு 240 ரூபாய் என்று வைத்தால் 25 நாளைக்கு அதே 6,000. முழு வருடத்துக்கும் ஒரே ஒரு ஆள். இரண்டாவதாக வந்து நிற்கிறவரிடம் அடுத்த ஏப்ரலில் வா என்று சொல்ல முடியுமா? அம்மாவின் பானையில் பிடியரிசி ஒரு மாதத்துக்குமேல் இருந்ததில்லை. முதலையும் செலவழிப்பது, தீர்ந்தால் மறுபடி கேட்பது என்று முடிவாயிற்று.

இன்னொன்றும் முடிவு செய்தோம். பணத்தை முன்கூட்டியே கொடுப்பது. முதலில் செலவழித்துவிட்டு ரசீது கொண்டுவா என்றால், முதலில் செலவழிக்கக் கையில் இருப்பவர்தான் வருவார். திங்கள் காலைக்குள் ஐந்து நாள் கூலி ஒரு கவரில் வீட்டுக்குப் போய்விடும். கவரில் யார் நினைவாக என்று எழுதுவதில்லை, எந்தச் சபை, எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்பதும் இல்லை. பஸ் டிக்கெட்டுகளை மட்டும் வாங்கி வைக்கிறோம். வாலிபர் சங்கத்துப் பெண் ஒருத்தி அவற்றைக் கோடு போட்ட நோட்டில் பசை தடவி ஒட்டுகிறாள். மலையாளத்தில் அச்சடித்த சின்னச் சின்னச் சீட்டுகள், ஒரு பக்கத்துக்கு இருபது. ரயிலில் போக முடிகிறவர்களுக்கு அவளே சலுகைப் படிவத்தை எழுதி ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க அனுப்புகிறாள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் கட்டணக் குறைப்பு உண்டு. குழித்துறை ஸ்டேஷன் பக்கத்திலேயே குடியிருந்தும் இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போனவர்கள் எத்தனையோ பேர், நாங்கள் உட்பட.

இப்படி ஒரு நிதி தொடங்க நினைப்பவர்கள் இரண்டு விஷயத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் சித்தப்பா மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். பெரியம்மா நினைவுக்கு 50,000 அனுப்புகிறேன் என்றான். எங்கள் பொருளாளர், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு முகம் விழுந்துபோனது. பிறகு பொறுமையாக விளக்கினார். வெளிநாட்டுக் குடிமகன் நம் ரத்தமாகவே இருந்தாலும் 2010-ம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். அதை வாங்க நிறுவனம் பதிவு பெற்றிருக்கவேண்டும், டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்று கணக்கு இருக்கவேண்டும். சவுதியில் இருக்கும் என் அண்ணன் கையில் இந்திய பாஸ்போர்ட், தன் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்புகிறான், அதற்குத் தடையில்லை. சித்தப்பா மகன் அந்தப் பணத்தை, பதிவு உள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நேராகவே கொடுத்துவிட்டான்.

மற்றது, நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும், 80ஜி என்று சொல்கிற வருமான வரிச்சலுகை. ஒரு மதத்தாரின் நன்மைக்கென்றே எழுதப்பட்ட அறக்கட்டளைக்கு அது கிடைக்காது. கிடைக்கிற இடத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. எங்கள் நிதிக்கு அந்தச் சலுகை கிடையாது, அதைச் சொல்லித்தான் வாங்குகிறோம். வருடாந்தரச் சபைக் கூட்டத்தில் கணக்கு ஒவ்வொரு வரியாக வாசிக்கப்படும், நோயாளிகளின் பெயர் மட்டும் வாசிக்கப்படாது.

என் பங்குக்கு நான் ரவிக்கை தைக்கிறேன். ஒரு பக்க மார்பை எடுத்தவர்களுக்கு முன்பக்கம் கொக்கி, உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை. அந்தப் பைக்குள் பஞ்சு அடைத்த ஒரு சின்ன மெத்தை போல வைத்துக்கொள்ளலாம், துவைக்கும்போது எடுத்துவிடலாம். கதிர் பட்ட தோலில் உரசாமல் இருக்க அக்குளில் தையல் மடிப்பை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுவேன். அம்மாவுக்குத் தைக்கும்போது இது தெரியவில்லை. அவள் அக்குள் புண்ணானதைப் பார்த்துத்தான் கற்றேன். வேதத்தில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் செத்துக் கிடக்கும்போது, விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளைப் பேதுருவிடம் காட்டுகிறார்கள். சின்ன வயதில் அதை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்திருக்கிறேன். அந்தத் துணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களின் முகம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. முதல் தடவை போட்டுப் பார்க்கிறவர்கள் என் கடைக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். நான் திரைக்கு வெளியே வந்துவிடுவேன்.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. அம்மாவின் அண்ணன், என் மாமா, இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. "பேப்பர்ல ஒரு படம்கூடப் போடல்ல, தங்கச்சிய மறந்தாச்சு" என்றார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. அண்டி ஆபீசில் உழைத்தவளின் முகம் ஒரு நாளாவது பத்திரிகையில் வந்து நாலு பேர் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா? அதனால்தான் விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பக்கத்தை விரும்பி வாசிக்கிறவளே நான்தானே.

ஆசிரியர் அவர்களே, என் விண்ணப்பம் இதுதான். நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் உங்கள் முகவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இவர்கள் நினைவாக ஏதாவது தர்மம் செய்கிறீர்களா? அதையும் ஒரு வரி போடலாமா?" அந்த ஒரு வரிக்குக் காசு வாங்காதீர்கள். கால் பக்கம் கேட்கிறவர்களிடம் அதில் பாதியும் போதும், மீதியை இன்ன இடத்துக்குக் கொடுக்கலாம் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமானால் இன்னும் சந்தோஷம். வருமானம் குறையும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

போன ஏப்ரலில் மாமா என் கடைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மிஷின்மேல் வைத்தார். உள்ளே 1,200 ரூபாய், எல்லாம் நூறு ரூபாய்த் தாள். "அஞ்சு நாளுக்கு இவ்வளவுதானே?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். பிறகு அந்த டிக்கெட் ஒட்டிய நோட்டைக் காட்டச் சொன்னார். நின்றபடியே கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.
(என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)