கேட்டுச் சுரம் சொல்லவும் பார்த்துப் பாடவும் கற்றுத்தாருங்கள்: இசைப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் இசைக் கல்லூரிகளிலும் இசைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழக இசைத் துறைகளிலும் வாய்ப்பாட்டுப் பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பில் இருக்கும் உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். அகாரத்தில், அதாவது சுரப்பெயர் சொல்லாமல் ‘ஆ’ என்று மட்டும், பாடப்படும் புதியதொரு பிடியை (சிறு சுரத்தொடரை) கேட்டு அதன் சுரங்களைச் சொல்லும் திறனும், முன்பு பார்த்திராத சுரக்குறிப்பைத் தாளம் போட்டபடி பார்த்துப் பாடும் திறனும் முதலாண்டிலிருந்தே தனி வகுப்பாகக் கற்பிக்கப்பட வேண்டும்; செய்முறைத் தேர்வில் அவை கட்டாயமாகச் சோதிக்கப்படவும் வேண்டும்.

பட்டமோ பட்டயமோ முடித்துவிட்டு மேற்கொண்டு கற்றுக்கொள்ள என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் நல்ல குரலும் உழைப்பும் உள்ளவர்கள். வர்ணங்களும் கிருதிகளும் நிறையப் பாடம் வைத்திருக்கிறார்கள். எந்த ராகத்தைக் கேட்டாலும் ஆரோகண அவரோகணத்தையும் மேளகர்த்தா (தாய் ராக) எண்ணையும் தயங்காமல் சொல்கிறார்கள். ஆனால் மோகன ராகத்தில் நான்கைந்து சுரங்களை அகாரத்தில் பாடி, என்ன சுரம் என்று கேட்டால் திகைத்துப்போகிறார்கள். பாடம் ஆகாத ஒரு வர்ணத்தின் சுரக்குறிப்பைக் கையில் கொடுத்தால், "ஒருமுறை பாடிக்காட்டுங்கள் டீச்சர், பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார்கள். பாடிக்காட்டினால் உண்மையிலேயே பிடித்துக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆகவே அவர்களுடைய காதில் குறை இல்லை. கேட்டதைப் பெயரிட்டு அறியவும், பெயரைப் பார்த்து ஒலியை மனத்தில் எழுப்பவும் அந்தக் காதுக்கு யாரும் பழக்கம் கொடுக்கவில்லை. நான் அறிந்தவரை தேர்வுகளில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஏற்கெனவே பாடம் ஆனவைதான். மனோதர்மத்தை, அதாவது அந்தக் கணத்தில் பிறக்கும் கற்பனையை, சோதிக்க வேண்டிய கற்பனைச்சுரம்கூட முன்பே எழுதி மனப்பாடம் செய்துவந்து ஒப்பிக்கப்படுகிறது என்பது நம் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி.

இந்த இடைவெளி முதல் பாடத்திலேயே தொடங்கிவிடுகிறது. புரந்தரதாசர் வகுத்ததாக வழங்கிவரும் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரங்களும் சுரஞானத்துக்காகவே ஏற்பட்டவை. அவற்றுக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்ததிலும் ஆழ்ந்த காரணம் இருக்கிறது: ஸட்ஜத்திலிருந்து மத்யமம் வரை உள்ள அரைத் தொனி, ஒன்றரைத் தொனி, அரைத் தொனி என்ற இடைவெளிகளே பஞ்சமத்திலிருந்து தார ஸட்ஜம் வரையும் அப்படியே திரும்ப வருவதால், முற்பாதியைப் பிடித்த காதுக்குப் பிற்பாதி தானே வசப்படும். ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? சரளி வரிசை ஒரு பாட்டாகவே மாறிவிடுகிறது. ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒப்பிக்கத் தெரிந்த குழந்தை ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் விழிப்பதைப்போல, இந்த வரிசைகளை மூன்று காலத்திலும் பாடும் மாணவர் ‘ஸ த ரி ப’ என்று வரிசை மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறார். சுரங்களைத் தாண்டித் தாண்டிப் பாடும் தாட்டு வரிசை இந்தத் தடுமாற்றத்தைப் போக்கத்தான் இருக்கிறது. பல இடங்களில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. தாட்டு வரிசையை முழுமையாகக் கற்பித்து, எல்லா வரிசைகளையும் சங்கராபரணம், கரஹரப்பிரியா, கல்யாணி ஆகிய ராகங்களிலும் முதலாண்டுக்குள் பாடவைத்தாலே சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் உள்ள வேறுபாடு ஏட்டிலிருந்து இறங்கிக் காதில் தங்கிவிடும்.

கர்நாடக இசை கேள்வி வழியில் வந்தது, குருவிடம் நேரில் பெறும் பாடாந்தரமே அதன் உயிர், காகிதத்தைப் பார்த்துப் பாடுவது அதற்கு அந்நியம் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். பாடாந்தரம் உயிர் என்பதை நானும் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் குருகுலத்தில் சீடர் விடியற்காலைச் சாதகம் முதல் இரவுக் கச்சேரி வரை இசைக்குள்ளேயே வாழ்ந்தார். அவருக்குச் சுரஞானம் என்று தனிப் பாடம் நடத்த வேண்டிய தேவை எழவில்லை. இன்றைய கல்லூரி மாணவர் ஒரு பாடவேளைக்கு ஆசிரியர்முன் பலரோடு சேர்ந்து அமர்ந்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கிறார். வீட்டில் செல்பேசியில் ஒரு பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டி, சங்கதியை (ஒரு வரியைப் பாடும் இசை மாறுபாட்டை) சுரம் அறியாமலே படியெடுக்கிறார். அந்தப் பழைய சூழல் தானாகத் தந்ததைக் கல்லூரி திட்டமிட்டுத்தான் தர முடியும். எழுதும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. 1904-இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகளே தரப்பட்டிருக்கின்றன. மேடையை நோக்கினாலோ, தாம் அறியாத சங்கதியையும் அந்தக் கணத்தில் பிறந்த கற்பனைச்சுரத்தையும் உடனுக்குடன் திருப்பி வாசிக்கும் பக்கவாத்திய வயலின் கலைஞரை இந்த மரபு தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. அவரிடம் இருப்பது இந்தத் திறன்தான்.

கமகம் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது என்பதால் அதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’) எழுத்தில் சாதாரண காந்தாரம். குரலிலோ அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. அதே சாதாரண காந்தாரம் கரஹரப்பிரியாவில் வேறு விதமாக அசைகிறது. தோடியின் அந்த அசைவை அகாரத்தில் கேட்கும் புதிய மாணவர் ‘ரி ம ரி ம’ என்று சொன்னால், அவர் காது துல்லியமாகக் கேட்டிருக்கிறது. ஆனால் ராகத்தைக் கேட்கவில்லை. ஆகவே மேலைநாட்டு முறையில் பியானோவில் ஒலிகளை வாசித்து எழுதச் சொல்லும் பயிற்சியை அப்படியே இங்கே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அசைவில்லாத சுரங்களில் தொடங்கி, ராகத்தின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கமகத்தோடு பாடி, அதன்பின் ராகத்தையும் சொல்லாமல் பாடி, மூன்று நிலைகளில் காதை வளர்க்க வேண்டும். பார்த்துப் பாடும்போதும் இதே நியாயம் பொருந்தும். காகிதத்தில் ‘க’ என்று மட்டும் இருக்கும். அதைத் தோடியின் காந்தாரமாக ஒலிக்கச் செய்வது மாணவரின் ராக ஞானம். எழுத்து தராததை அவர் தாமே தருகிறாரா என்று பார்ப்பதே இந்தத் தேர்வின் பயன்.

பயிற்சியின் அடிப்படை சுருதி. வகுப்பு தொடங்கியதும் மின்னணுச் சுருதிப்பெட்டியின் விசையைத் தட்டிவிடுவது வசதிதான். ஆனால் தம்புராவைத் தாமே சேர்த்துப் பார்க்காத மாணவர், இணையாத பஞ்சமம் எப்படி உறுத்தும் என்பதை அறியாமலே படிப்பை முடித்துவிடுகிறார். பிரடை எனும் முறுக்காணியைத் திருகி, தந்திக்கடியில் வைக்கும் ஜீவா எனும் நூலை நகர்த்தி, மந்தரத் (கீழ் ஸட்ஜ) தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழுந்து கேட்கும்வரை காத்திருக்கும் அனுபவத்தை ஒவ்வொரு மாணவருக்கும் முதல் பருவத்திலேயே தாருங்கள். இதையொட்டி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் பெண்களையும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண்களையும் ஒரே சுருதியில் உட்காரவைத்துப் பாடச் செய்வது குரலையும் காதையும் சேர்த்தே கெடுக்கிறது, இந்தப் பயிற்சிக்காவது அவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரியுங்கள்.

இரண்டாமாண்டு, மூன்றாமாண்டுப் பயிற்சிக்கு நம் இசையிலேயே வளமான கருவிகள் இருக்கின்றன. ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டு புதிய ராகம் காணும் கிரகபேதம் அவற்றுள் ஒன்று. மோகனத்தின் ரிஷபத்தை ஆதாரமாகக் கொண்டால் மத்யமாவதியும், காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளமும், பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரியும், தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசியும் பிறக்கும் என்பதை மாணவர்கள் கோட்பாட்டுத் தாளில் அட்டவணை போட்டு எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அதையே தம்புராவை நிறுத்திவிட்டு வாயால் பாடி, ஆதாரம் மாறும் அந்த நொடியைக் காதால் உணரச் செய்தால், சுரம் என்பது ஆதாரத்தோடு கொண்ட உறவு என்பது எந்த விளக்கமும் இன்றிப் புரிந்துவிடும்.

பார்த்துப் பாடுவதற்கு முதல் தடையாக இருப்பது நம் புத்தகங்களே. ஒரு நூலில் நெட்டெழுத்து இரண்டு அட்சரத்தைக் குறிக்கிறது. இன்னொன்றில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் அந்த வேலையைச் செய்கின்றன. இரண்டாம் காலத்தைக் காட்டும் மேற்கோடு அச்சில் இடம் மாறிவிடுகிறது. தார (மேல்), மந்தர (கீழ்) ஸ்தாயிப் புள்ளிகள் மறுபதிப்புகளில் உதிர்ந்தே போகின்றன. ஏற்கெனவே பாடம் ஆனவருக்கு இதனால் இடைஞ்சல் இல்லை, புதிதாகப் படிப்பவரோ முதல் ஆவர்த்தனத்திலேயே நின்றுவிடுகிறார். எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான ஒரே குறியீட்டு முறையை முடிவுசெய்து, பிழையற்ற பயிற்சி ஏடுகளை நீங்கள் வெளியிட வேண்டும். தெரிந்த ராகத்தில் தெரியாத அலங்காரம், அடுத்து கீதம், அடுத்து சுரஜதி, கடைசியில் வர்ணம் என்று ஏடுகள் படியேறட்டும். பாடத் தொடங்குமுன் ராகம், தாளம், எடுப்பு (பாடல் தொடங்கும் தாள இடம்), எட்ட வேண்டிய மிக உயர்ந்த சுரம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளவும், தொடங்கியபின் பிழை நேர்ந்தாலும் தாளத்தை நிறுத்தாமல் செல்லவும், கண் குரலுக்கு ஓரிரு அட்சரம் முன்னால் ஓடவும் பழக்க வேண்டும்.

மதிப்பெண் இல்லாத எதற்கும் பாடவேளை கிடைப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற மேலைநாட்டு இசைத் தேர்வு அமைப்பின் செய்முறைத் தரநிலைத் தேர்வில், மொத்தம் 150 மதிப்பெண்களில் முன்பார்த்திராத இசையை வாசிப்பதற்கு 21, கேட்டறியும் சோதனைக்கு 18 என ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. சென்னையில் பியானோ கற்கும் பத்து வயதுக் குழந்தைகூட இதற்குத் தயாராகித்தான் செல்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்தத் தகுதி இல்லை என்று நான் நம்பவில்லை. எந்தக் கட்டையிலும் ஸட்ஜத்தை வைத்துக்கொள்ளும் நம் முறை அவர்களுக்கு ஒரு படி முன்னதாகவே உதவுகிறது. செய்முறைத் தேர்வில் நான்கில் ஒரு பங்கை இவ்விரு திறன்களுக்கும் ஒதுக்குங்கள். வினாக்கள் எல்லா மையங்களுக்கும் பொதுவாகத் தயாரிக்கப்பட்டு உறையிட்டு அனுப்பப்படட்டும். அப்போதுதான் தம் ஆசிரியரே தேர்வாளராக இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நீதி ஒன்றாக இருக்கும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் இசைத் துறையில் பலர் படிக்கிறார்கள். அவர்களுக்குப் பார்த்துப் பாடும் பகுதிக்கு ஈடாகப் பிரெயில் குறிப்போ கூடுதலான கேட்டறியும் பகுதியோ அவர்கள் விருப்பப்படி அமைய வேண்டும். மிருதங்கம், தவில் மாணவர்களுக்குச் சொற்கட்டை (தாள ஒலிக்கோவையை) கேட்டு எழுதுவது இதற்கு இணையான சோதனையாகலாம்.

ஆசிரியர்கள் பலரும் இப்படிப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதால், அறிவிப்பு மட்டும் வந்தால் சுமை அவர்கள் தலையில்தான் விழும். கோடை விடுமுறையில் அவர்களுக்குப் புத்தொளிப் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். வயலின் ஆசிரியர்களை அதில் முன்னிறுத்துங்கள், ஏனெனில் வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள் இல்லாத கருவியில் ஒவ்வொரு சுரத்தையும் காதால் தேடிக் கண்டவர்கள் அவர்கள்.

வரும் கல்வியாண்டில் முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் வாரம் இரண்டு பாடவேளைகளோடு இதைத் தொடங்கி, அவர்கள் மேலே செல்லச் செல்ல அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் விரிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி ஏடுகளுக்கான சுர வரிசைகளை எழுதித் தரவும், ஆசிரியர் பயிற்சியில் ஊதியமின்றிப் பங்கேற்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை