மாப்பிள்ளையிடம் நான் சொல்ல முடியாதது

சேரன்மகாதேவி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. வாழைக்குப் பாய்ச்சல் நடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, வழக்கம்போல.

நேற்றுப் போனில் நீ சொன்ன ஒன்று தூங்கவிடவில்லை. திராட்சைக்கு அடிக்கிற பூஞ்சை மருந்தெல்லாம் பதினைந்து நாளில் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. கம்பத்துத் திராட்சைப் பந்தலைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்த நான் யார்? மாமனார் வாயைத் திறந்தால் வம்பு. நேரம் பார்த்து நீயே சொல்.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் உன் அம்மாவைப் பெற்ற தாத்தா போர்டோ கலவை போடுவாரே, நினைவிருக்கிறதா? மயில்துத்தம் என்கிற செம்பு உப்பு ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். கலக்கியதும் அரிவாளை முக்கி எடுப்பார். அதில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கென்று 1885-இல் வெளிவந்த மருந்துதான் அது. அந்தச் செம்பு மக்காது, அம்மா. அது தனிமம், நுண்ணுயிர் தின்று தீர்க்க அதில் ஒன்றும் இல்லை. மேல்மண்ணில் மட்கோடும் களியோடும் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்காண்டு கூடும், மண்புழு குறையும். தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஊற்றிய செம்பு இன்னும் அங்கேதான் கிடக்கும்.

மாப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. இப்போது கடையில் வாங்கி அடிக்கிற பூஞ்சை மருந்துகளில் மேன்கோசெப் சில நாளில் உடைந்துவிடும். ஆனால் உடைந்து வருகிற எத்திலீன் தயோயூரியா மூலமருந்தைவிட நெடுநாள் நிற்கும், தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும், தைராய்டுக்கு ஆகாது. கார்பெண்டாசிம் மாதக்கணக்கில் மண்ணில் தங்கும். கேப்டான் நேர்மாறு: காரம் மிகுந்த போர் தண்ணீரில் கலந்து வைத்தால் நிமிடக்கணக்கில் சிதைந்து, கொடியில் படும் முன்பே காசு கரைந்துவிடும்.

நானும் யோக்கியனில்லை. வாழை இலைப்புள்ளிக்கு அடித்துவிட்டு ஒருநாள் தெளிப்பானைக் கால்வாய்ப் படித்துறையில் கழுவினேன். தண்ணீர் ஓடுகிற கிழக்குப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரங்களை அள்ளிக்கொண்டு எனக்கு மேற்கே போய் உட்கார்ந்தாள்.

தெளிப்பான் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாமல் பந்தலுக்குள்ளேயே தெளித்துவிடச் சொல். பொங்கலுக்கு வரும்போது பன்னீர் திராட்சை கொண்டு வா. கடைசியாக மருந்து அடித்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கூடையில் போடு. பேரன் கழுவாமல் தின்கிறவன்.

அப்பா